கம்பளியைக் கடிக்கும் மீன்

“அந்தத் தூண்டிலைக் கொண்டு வாங்க. நான் பார்க்கணும்.”

சொல்லி வாயை மூடிய பிறகுதான் பட்டதாரிக்கு உறைத்தது. கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்த விஷயம் இது. குப்பைத் தொட்டியைக் கிளறு, காவலாளியிடம் பேச்சுக் கொடு, வேண்டுமானால் பக்கத்து வீட்டு நாயைக்கூட விசாரி. ஆனால் நம்மைக் கூப்பிட்ட கட்சிக்காரரிடம் மட்டும் ‘காட்டு’ என்று எதையும் கேட்காதே, அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள். துப்பறியும் அலுவலகத்தின் முதல் சட்டம் அது. இரண்டாவது சட்டம், முதல் சட்டத்தை மறக்காதே என்பது.

எதிர் சோபாவில் மாப்பிள்ளை, கையெழுத்துக்காக அவளிடம் நீட்டிய பேனாவை நீட்டியபடியே வைத்திருந்தார். அந்த வீட்டில் சமையல்காரர் முதல் செத்துப்போன மாமனார் வரை எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டதாரிக்குப் பக்கத்தில் மூக்கு சார் இருமினார்.

மூக்கு சார்தான் துப்பறிகிறவர். இருபத்தாறு வருஷமாக மோப்பம் பிடித்துக் கிடைத்த பெயர். ஆனால் வருஷம் முழுக்க ஜலதோஷம், பால் தீய்ந்தால்கூட அவருக்குத் தெரியாது. பட்டதாரி அவருடைய உதவியாளர். அவள் வீட்டில் யாரும் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வேலை கேட்டு வந்த அன்று பெயரைக் கேட்டதற்குப் பட்டச் சான்றிதழை மேஜை மேல் வைத்தாள். அன்றிலிருந்து அதுவே அவள் பெயர். பட்டம் வாங்கிச் செய்கிற வேலை, அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது.

எதற்கு என்று கேட்டார் மாப்பிள்ளை. அறிக்கையில் ‘தூண்டிலை நேரில் ஆராய்ந்தோம்’ என்று ஒரு வரி இருக்கிறது, டைப் அடித்தது நான்தான், ஆராயாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றாள் அவள். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார்.

“அவ்வளவுதானே? மாமா ரூம்ல உக்காருங்க. எடுத்துட்டு வரேன்.”

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. பல் வலிக்காரன் மருத்துவர் வீட்டு வாசலில் ‘இன்று விடுமுறை’ பலகையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

மாமாவின் அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மணி மூன்று இருபது. ஐந்து மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் விசாரணை. ஒன்பது நாளாக இந்த வழக்குக்காக நடந்து அவள் கால் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. உட்கார்ந்ததும் செருப்பை உதறினாள்.

“கேட்டுட்டியே,” என்றார் மூக்கு சார். திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து, வலது கட்டைவிரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மற்றக் கையால் நெருடிக்கொண்டிருந்தார். காலையில் அலுவலகத்துக்கு வரும்போதே அது இருந்தது. ரொட்டி வெட்டும்போது கத்தி பட்டுவிட்டதாகச் சொன்னார். ரொட்டி ஜெயிச்சிடுச்சு போல என்று அவள் கேலி செய்ததற்கு வழக்கமாகச் சிரிப்பவர் இன்று சிரிக்கவில்லை.

வழக்கு இதுதான். செத்துப்போனவர் கண் டாக்டர். ஓய்வு பெற்ற பிறகு பூச்சித் தூண்டில் பிடித்துக்கொண்டது. அதில் புழு கிடையாது, இறால் கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, கனமான கயிற்றைச் சாட்டை போல வீசி, அந்தப் பொய்ப் பூச்சியைக் கடல் மீனின் மூக்குக்கு முன்னால் இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் பிடித்து, முகம் பார்த்து, திரும்ப விட்டுவிட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனை ஏன் விட வேண்டும் என்று பட்டதாரியின் அப்பா கேட்டார். அவர் மூட்டை தூக்குகிறவர், எதையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் இருந்த இடத்தில் வைப்பது அவருக்குப் புரியாது.

இதற்கு வழிகாட்டி ஒருவர் வேண்டும். படகின் பின்னால் நின்று தண்ணீருக்கடியில் மீனின் நிழலைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர். துறைமுகத்தில் அவரைப் பருந்து என்பார்கள். ஐந்து நாள் பயணத்துக்கு டாக்டர் அவரோடு பேசி வைத்திருந்தார். கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு காலை ஏழு மணிக்கு, டாக்டர் அலைத்தடுப்புப் பாறைகளுக்கு நடுவில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய தூண்டில்.

பாறைமேல் நின்று கடலில் வீசிப் பழகச் சொன்னது பருந்துதான் என்று குடும்பம் புகார் கொடுத்தது. குடும்பம் என்றால் மாப்பிள்ளை. இன்று ஐந்து மணிக்குப் பருந்தின் அனுமதிச் சீட்டை ரத்து செய்து, ஆளைப் போலீசில் ஒப்படைப்பதாக முடிவு. மூக்கு சாரின் அறிக்கைதான் அதற்கு ஆதாரம். அதன் கடைசிப் பக்கத்தில் ‘ஆராய்ந்தவர்கள்’ என்று இரண்டு கோடுகள். ஒன்றில் சார் கையெழுத்துப் போட்டாயிற்று.

நேற்றுவரை அவளும் அந்த அறிக்கையை நம்பித்தான் டைப் அடித்தாள். நேற்று மத்தியானம் ஒரு தாளைக் கொடுக்க இந்த வீட்டுக்கு வந்தபோது தூண்டில் வராந்தாவில் சாய்த்து வைத்திருந்தது. கயிற்றின் நுனியில் சிவப்பாகப் புசுபுசுவென்று ஏதோ இருந்தது. அதுதான் பூச்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நேராகத் துறைமுகத்துக்குப் போய்ப் பருந்தைப் பார்த்தாள். அவர் கொட்டகையில் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், போகப்போவதில்லை என்று தெரிந்த பயணத்துக்கு. வருகிறவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கிற ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். தானே கைபேசியில் தட்டி, கடையில் அச்செடுத்த தாள். எழுத்துப் பிழை இருக்கும் என்று முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டாக்டர் அதன் ஒரு பிரதியை அறையில் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

அதில் நான்காவது குறிப்பு: வீட்டில் புல்தரையில் மட்டும் வீசிப் பழகவும். நுனியில் முள் கட்டக் கூடாது. அதற்குப் பதில் கம்பளித் துண்டு கட்டவும். முள் கட்டிப் பழகினால் முதல் மீன் உங்கள் காதுதான்.

அதைப் படித்தவுடன்தான் வராந்தாவில் பார்த்த சிவப்புப் புசுபுசு என்னவென்று அவளுக்குப் புரிந்தது. கம்பளி கட்டிய தூண்டிலை எடுத்துக்கொண்டு எவன் கடலுக்குப் போவான்? டாக்டர் கடைசியாக நின்ற இடம் புல்தரை. தூண்டிலைப் பாறைக்குக் கொண்டுபோய்ப் போட்டது வேறு ஆள், அதுவும் கம்பளியைப் பூச்சி என்று நினைத்த ஆள். சாயங்காலம் டீக்கடையில் இதைச் சாரிடம் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, பொறு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

இப்போது அந்த அறையின் சுவரில் நான்கு ஒட்டுநாடாத் துண்டுகள் மட்டும் இருந்தன, நடுவில் தாள் இல்லை. கட்டில்மேல் டாக்டரின் பயணப் பை மூடாமல் திறந்திருந்தது. முழுக்கைச் சட்டைகள், விரல் நுனி வெட்டிய கையுறை, தண்ணீரின் பளபளப்பைக் கொல்கிற கறுப்புக் கண்ணாடி, ஒரு சின்னக் குறடு, அலையேற்ற நேரம் குறித்த அட்டை. கண் டாக்டருக்கே மீன் கண்ணுக்குத் தெரியாது, அதற்கும் ஒரு கண்ணாடி வேண்டும் என்று நினைத்தாள், சொல்லவில்லை. நாற்காலிக் காலில், பூச்சி கட்டுகிற மெல்லிய தூண்டில் நரம்பைக் கட்டிப் பழகிய முடிச்சுகள் வரிசையாக இருந்தன. மொத்தம் பதினொன்று. கீழே கோணல்மாணலாக ஆரம்பித்து, மேலே வர வர, அறுவைச் சிகிச்சைத் தையல் மாதிரி கச்சிதமாகியிருந்தன.

அவள் வழக்குக் கோப்பை எடுத்து அதன் நாடாவை அவிழ்க்கப் போராடினாள். மூக்கு சார் கோப்பு கட்டினால் அது சாமானியத்தில் அவிழாது. இரண்டு சுற்று, ஒரு மடக்கு, பிறகு வாலை மறுபடி அடியில் திணித்து ஒரு இழுப்பு. ஒரு வருஷமாக அந்த முடிச்சோடு மல்லுக்கட்டி அவளுக்கு ஆள்காட்டி விரல் நகம் வளரவே இல்லை.

“இதுக்குள்ள என்ன சார், புதையலா?”

“அவிழக் கூடாதுன்னுதானே கட்டுறது,” என்றார் கண்ணை மூடியபடி.

உள்ளே போலீஸ் கொடுத்த பட்டியல் இருந்தது. தூண்டில் ஒன்று, சுருள் ஒன்று, நுனியில் சிவப்பு நிறப் பூச்சி ஒன்று. எழுதின காவலருக்கும் கம்பளி பூச்சியாகத்தான் தெரிந்திருக்கிறது. அதனால் என்ன, தூண்டில் வரட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

தூண்டில் வந்தது.

மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். ஆளைவிட ஒன்றரை மடங்கு நீளம். நுனியில் சிவப்பு இறகு, சிவப்பு நூல், அதற்குள் பளபளவென்று ஒரு தூண்டில் முள். அழகான, அசல் பூச்சி. நிறத்தில்கூடத் தப்பு இல்லை.

“போலீஸ் குடுத்தது குடுத்தபடியே இருக்கு. நாங்க யாரும் தொடல,” என்றார்.

அவள் குனிந்தாள். பூச்சி அவள் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது. பின்னால் இழுத்தாள், வரவில்லை. திருப்பி இழுத்தாள், இன்னும் உள்ளே போனது. மீன் விழுந்திடுச்சு என்று மாப்பிள்ளை சிரித்தார். கடைசியில் சட்டை நூல் கிழிந்துதான் விடுபட்டது. அறிக்கையைக் கூடத்தில் எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மூக்கு சார் கண்ணைத் திறக்கவில்லை. பட்டதாரிக்கு அழுகை வரவில்லை, அதற்கும் சோர்வாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

சமையலறையில் டாக்டரின் மகள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தட்டுகள், நீல விளிம்பு. ஒன்பது நாளில் அந்த அக்காவிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அழுகிறவர்களைத் தொந்தரவு செய்யாதே என்பது அலுவலகத்தின் மூன்றாவது சட்டமாக இருக்கலாம். பட்டதாரி தண்ணீரை வாங்கிக்கொண்டு, அழகான தட்டு என்று சும்மா சொல்லி வைத்தாள்.

அது போதும் என்பது போல அக்கா பேச ஆரம்பித்தாள். அப்பாவுக்கு இதெல்லாம் தட்டு இல்லை, மீன். தினமும் விடிந்ததும் பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் கார் நிற்கிற புல்தரையில் கடிகாரத்தில் எண் வைக்கிற மாதிரி பரப்பி வைப்பார். பருந்து அண்ணன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். படகு மூக்கு பன்னிரண்டு மணி, வலது கை மூன்று மணி. தனக்குத்தானே ‘பத்து மணி, நாப்பது அடி’ என்று சொல்லிக்கொண்டு வீசுவார். நுனி தட்டில் விழுந்தால் ஒரு மீன் கிடைத்ததாகக் கணக்கு.

“நுனியில கட்டுறதுக்குச் சிவப்பா ஏதாவது குடும்மான்னார். என் பையனோட பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு நான்தான் குடுத்தேன். படகுல ஏத்துற வரைக்கும் தூண்டிலைக் கடல் பக்கமே கொண்டு போகக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காராம். அதை என்கிட்ட சொன்ன அப்பா அன்னைக்கு மட்டும் எதுக்குப் பாறைக்குப் போனார்னு எனக்கு இன்னும் புரியல.”

பட்டதாரி தட்டுகளை எண்ணினாள். பதினொன்று இருந்தன.

“ஒண்ணு உடைஞ்சு போச்சு. அன்னைக்குக் காலையிலதான். கழுவும்போது கை நழுவிடுச்சுன்னு இவர் சொன்னார்.” அக்கா துடைப்பதை நிறுத்தினாள். “கல்யாணமாகிப் பதிமூணு வருஷத்துல அவர் ஒரு டம்ளர் கழுவினதில்ல.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை காலையில் எத்தனை மணிக்குக் காரை எடுப்பார் என்று பட்டதாரி கேட்டாள். ஆறு மணிக்கு என்றாள் அக்கா. பிறகு, கம்பளி இன்னும் அந்தத் தூண்டிலில் இருக்கிறதா என்று கேட்டாள்.

“நேத்து இருந்துச்சுக்கா. இன்னைக்கு இல்ல.”

அக்கா குழாயை இறுக்கி மூடினாள்.

அறைக்குத் திரும்புகிற வழியில் பட்டதாரி ஒன்றைத்தான் யோசித்தாள். கம்பளி பூச்சி இல்லை என்று தெரியாமல்தான் மாப்பிள்ளை அதைப் பாறைக்குக் கொண்டுபோனார். ஒன்பது நாளாக வராந்தாவில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். நேற்று மத்தியானம் வரை தெரியாத மனிதருக்கு நேற்று ராத்திரிக்குள் யார் சொல்லிக் கொடுத்தது? பருந்து சொல்ல மாட்டார். அவளும் சொல்லவில்லை.

மூக்கு சார் எழுந்து ஜன்னலோரம் நின்றிருந்தார். சும்மா நிற்கத் தெரியாத கை, அவள் அவிழ்த்துப் போட்ட கோப்பை மறுபடி கட்டி வைத்திருந்தது.

அவள் டாக்டரின் பையிலிருந்த பூச்சிப் பெட்டியைத் திறந்தாள். இருபத்து நான்கு பூச்சிகள். ஒன்றை எடுத்துச் சட்டைக் கையில் குத்தினாள், வெண்ணெயில் குத்தின ஊசி மாதிரி திரும்ப வந்துவிட்டது. இன்னொன்று, அதுவும் அப்படியே. தூண்டில் முள்ளில் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்து ஒரு சின்னக் கொம்பு இருக்கும். உள்ளே போனது வெளியே வராமல் தடுப்பது அதுதான். மீனைக் காயமில்லாமல் விட வேண்டும் என்பதால், பயணத்துக்கு முன்பே ஒவ்வொரு கொம்பையும் குறடால் அழுத்தி மழுக்கிவிடச் சொல்லியிருந்தார் பருந்து. தாளில் ஆறாவது குறிப்பு. அழுத்தாவிட்டால் உங்கள் விரலுக்கு டாக்டர் தேவைப்படும் என்றும் எழுதியிருந்தார், படிக்கிறவரே டாக்டர் என்று தெரிந்தும். இருபத்து நான்கிலும் கொம்பு இல்லை. தூண்டிலில் கட்டியிருந்த இருபத்தைந்தாவதில் மட்டும் கொம்பு விறைப்பாக நின்றது. அது டாக்டரின் பூச்சி இல்லை. கடையிலிருந்து நேற்று வந்தது.

பிறகு அதைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாள். நாற்காலிக் காலில் இருந்த பதினொன்றில் எதன் ஜாடையும் அதில் இல்லை. இரண்டு சுற்று, ஒரு மடக்கு, அடியில் திணித்த வால். தன்னை அறியாமல் அவளுடைய ஆள்காட்டி விரல் நகம் அதைத் தேடிப் போனது. அந்த முடிச்சை அவளைவிட அந்த நகத்துக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கோப்பைத் தூண்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாடாவில் ஒன்று, நரம்பில் ஒன்று.

“சார், ரொட்டிக் கத்திக்குப் பின்பக்கம் கொம்பு இருக்குமா?”

அவர் திரும்பிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார்.

“கடையில அதை அழுத்திக் குடுக்க மாட்டாங்களா?” என்றார்.

மறுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் உட்கார்ந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. அவசரமாகக் காரைப் பின்னால் எடுத்தான், ஆளைப் பார்க்கவில்லை, பயந்துவிட்டான். துறைமுகத்தின் சட்டப் பிரிவு முழுக்க அவன் கையில். துறைமுக வழக்குகளை எடுக்க நம் அலுவலகத்துக்கு இருக்கிற உரிமம் வருகிற மாதம் புதுப்பிக்க அவன் மேஜைக்குத்தான் போகிறது. அறுபத்தோரு வயதில் அந்த உரிமமும் போனால், எந்த வாசலில் போய் உட்கார்ந்து காவல் காப்பது. டாக்டர் போனது போனதுதான், எந்தக் கம்பளியும் அவரைக் கொண்டுவராது. பருந்துக்கு என்ன, சின்ன வயது, வேறு வேலை பார்த்துக்கொள்வான்.

“சின்ன வயசுன்னா வேற வேலை தானா வந்துடுமா சார்? எங்க தெருவுல வந்து சொல்லிப் பாருங்க.” அவள் குரல் உயரவில்லை. “பயந்தவர் பயந்துக்கிட்டே இருந்திருக்கலாம். அடுத்தவர் தலையில கொண்டு போய் இறக்கியிருக்க வேண்டாம். கம்பளி எங்க?”

அவர் கை சட்டைப் பையைத் தொட்டது. எறிய மனசு வரவில்லை என்றார். ஐந்து மணிக்கு மேல் தருகிறேன் என்றார். அவர் நிஜமாகவே களைத்திருந்தார், அது நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு உங்க முடிச்சு போதும்.”

வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்தாள். கோப்பை அவிழ்க்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பருந்தின் தாள் அவள் பையில் இருந்தது. தூண்டிலை எடுத்தாள்.

கூடத்தில் மேஜைமேல் அறிக்கையின் கடைசிப் பக்கம் விரித்திருந்தது, அதன்மேல் மூடி கழற்றிய பேனா. தூண்டிலோடு வருகிறவளைப் பார்த்து மாப்பிள்ளை எழுந்தார். அது வீட்டுப் பொருள், யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட்டால் தனக்குப் பாதி வேலை மிச்சம் என்றாள் பட்டதாரி.

“அது எங்க அப்பாவோடது.”

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் செய்தித்தாள் பொட்டலம். வந்து அதைப் பட்டதாரியின் பைக்குள் வைத்தாள். உள்ளே பீங்கான் ஓடுகள் உரசுகிற சத்தம் கேட்டது.

“உடைஞ்ச தட்டை எறிய எனக்கு மனசு வரல. ஒரு ஓட்டுல டயர் தடம் இருக்கு. அப்ப எனக்கு அது என்னன்னு தெரியல.” கணவனைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “அவங்க எடுத்துட்டுப் போகட்டும்.”

மாப்பிள்ளை மெல்ல உட்கார்ந்தார்.

தூண்டில் வாசல் நிலையில் இடித்து வில்லாக வளைந்தது. பட்டதாரி குனிந்து அதை வெளியே கொண்டுவந்தாள். ஐந்து மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும், வெயில் இன்னும் இறங்கவில்லை. பின்னால் மூக்கு சாரின் இருமல் வராந்தா வரை வந்து நின்றது.

“பட்டதாரி, அதைப் பஸ்ல ஏத்த மாட்டாங்க.”

“நடந்து போறேன் சார்,” என்றாள். நடந்தாள்.